கோழிக்கூண்டும் கீரியும்: தடுப்பதற்கும் பழிவாங்குவதற்கும் இடையே

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்று எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காங்கேயத்தைச் சுற்றித் தோட்டத்துச் சாளைகளில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கீரி வருகிறது, காட்டுப்பூனை வருகிறது, மரநாய், நரி, பருந்து வருகிறது. கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. "இவற்றைக் கொல்லலாமா? விஷம் வைக்கலாமா? மார்க்கம் என்ன சொல்கிறது?" இதுதான் கேள்வி.

நஷ்டம் உண்மையானது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கோழியை இழந்தவரைப் பார்த்து, "ஒரு கோழிதானே, விடுங்கள்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அடை வைத்து, இருபத்தொரு நாள் காத்திருந்து பொரித்த குஞ்சுகள் அவை. கணவனை இழந்த ஒரு தாய்க்கு அந்தப் பத்துக் கோழிதான் பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. காங்கேயம், வெள்ளகோவில் பகுதி விவசாயிகள் தெருநாய்கள் கடித்துக் கொன்ற ஆடுகளுக்கும் கோழிகளுக்கும் இழப்பீடு கேட்டுச் சமீப ஆண்டுகளில் வீதியில் இறங்கிப் போராடியதை நாம் பார்த்தோம். வயிற்றெரிச்சல் இல்லாமல் யாரும் போராட வரமாட்டார்கள்.

பொருளைக் காப்பது மார்க்கத்தில் ஒரு உரிமை. தன் பொருளைக் காக்கப் போராடிக் கொல்லப்பட்டவரை ஷஹீத் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே கோழியைக் காக்கலாமா என்பது கேள்வியே அல்ல. எப்படிக் காப்பது என்பதே கேள்வி.

அனுமதியும் அதன் எல்லையும்

"ஹதீஸிலேயே அனுமதி இருக்கிறதே" என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். காகம், பருந்து, தேள், எலி, கடித்துக் குதறும் நாய் ஆகிய ஐந்தையும் ஹரம் எல்லைக்குள் கூடக் கொல்லலாம் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

ஆனால் இமாம்கள் அதை எப்படி விளங்கினார்கள் என்று பாருங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில், மனிதர்கள் மீது பாய்ந்து தாக்கும் சிங்கம், சிறுத்தை, ஓநாய் போன்றவற்றைக் கடித்துக் குதறும் நாயின் சட்டத்தில் சேர்த்தார்கள். அப்படிப் பாயாத நரி, பூனை போன்றவற்றை இஹ்ராம் கட்டியவர் கொல்லக் கூடாது என்று பிரித்தார்கள். தொல்லையைப் பார்த்தார்கள், அதன் அளவையும் பார்த்தார்கள்.

அவ்ரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஹனஃபி மத்ஹபின் பெரும் நூல் ஃபதாவா ஆலம்கீரி. தொல்லை தரும் பூனையைப் பற்றி அதில் ஒரு சட்டம் வருகிறது. அதை அடிக்கக் கூடாது, அதன் காதைத் திருகக் கூடாது, வேறு வழியில்லை என்றால் கூர்மையான கத்தியால் அறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிந்தித்துப் பாருங்கள். உயிரை எடுக்க அனுமதி தரும் அதே இடத்தில் காதைத் திருக அனுமதி இல்லை! தொல்லையை நீக்கலாம், வதைக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

பாய்ந்து வரும் பிராணியைப் பற்றி ஃபுகஹாக்கள் இன்னொரு விதியும் சொல்கிறார்கள். இலகுவானதில் இருந்து தொடங்க வேண்டும். சத்தம் போட்டு ஓடினால் கல் எறியக் கூடாது. கல்லுக்கு ஓடினால் தடி எடுக்கக் கூடாது. எதுவும் பலிக்காத இடத்தில்தான் கொல்வது என்ற பேச்சே வரும்.

எறும்புப் புற்றின் பாடம்

முன் சென்ற ஒரு நபியை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்கச் சொன்னார். அல்லாஹ் அவரைக் கண்டித்தான். கடித்தது ஒன்று, அதற்காகத் தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டீரே என்ற கருத்தில் வஹீ வந்தது (புகாரி, முஸ்லிம்).

சகோதரர்களே, விஷம் வைப்பது இந்தப் புற்றை எரிப்பதைப் போன்றது. செத்த கோழியின் மேல் குருணை மருந்தைத் தூவி வேலி ஓரம் வைத்துவிட்டு வருகிறோம். கோழியைப் பிடித்த கீரிதான் அதைத் தின்னும் என்று யார் உத்தரவாதம் தருவது? பக்கத்துத் தோட்டத்து நாய் தின்னும். மயில் கொத்தும். செத்ததைத் தின்ன வரும் பருந்தும் சாகும். குழந்தையின் கை படலாம். பக்கத்துத் தோட்டக்காரரின் நாய் செத்தால் அது மனிதர்களுக்கிடையிலான ஹக்கு. அவர் மன்னிக்காமல் அது தீராது.

2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. தன் மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில், அந்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து வைத்ததாக ஒருவர் கைது செய்யப்பட்டார். மாடும் போனது, நிம்மதியும் போனது.

கொல்வதாக இருந்தாலும் அழகிய முறையில் கொல்லுங்கள் என்ற கருத்தில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. குடல் எரிந்து மணிக்கணக்கில் துடித்துச் சாவதில் என்ன அழகு இருக்கிறது? நெருப்பு வைப்பது, கண்ணியில் மாட்டி விட்டுவிட்டுப் போவது, அவுட்டுக்காய் வைப்பது எல்லாம் இதே வகைதான்.

அவையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள்

பூமியில் ஊர்வனவும் இறக்கையால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அன்ஆமில் (6:38) அல்லாஹ் உணர்த்துகிறான். ஒவ்வோர் உயிரின் ரிஸ்கும் அவன் பொறுப்பில் இருப்பதாக சூரா ஹூதில் (11:6) சொல்கிறான். கீரி நம்மைப் பகைத்துக்கொண்டு வரவில்லை. தன் ரிஸ்கைத் தேடி வருகிறது.

அதற்கு இங்கே ஒரு வேலையும் இருக்கிறது. நம் ஊர் தென்னைக்கும் கொப்பரைக் களத்துக்கும் பெயர் பெற்றது. இளங்காயைக் குடைந்து தள்ளும் எலியைப் பற்றித் தென்னை விவசாயிகளிடம் கேளுங்கள். அந்த எலியைத் தின்பவை யார்? கீரி, காட்டுப்பூனை, சாரைப்பாம்பு, ஆந்தை, நரி. கொரங்காட்டுக் கிளுவை வேலிக்குள் வாழும் இந்தக் கூட்டத்தை அழித்தால் அடுத்த வருடம் எலியோடு நாமே மல்லுக்கட்ட வேண்டும். சூரா ரஹ்மானில் (55:7-9) அல்லாஹ் தராசை நிலைநிறுத்தியதைச் சொல்லி, அதில் வரம்பு மீறாதீர்கள் என்கிறான். அந்தத் தராசு கடையில் மட்டுமல்ல, காட்டிலும் இருக்கிறது.

முதல் கடமை நம்முடையது

சூரியன் மறைந்ததும், இரவின் முதல் இருள் நீங்கும் வரை கால்நடைகளையும் பிள்ளைகளையும் வெளியே விடாதீர்கள் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. மஃரிப் பாங்கு சொல்லும் முன் கோழியைக் கூண்டில் அடைப்பவர் ஒரு சுன்னத்தைப் பேணுகிறார்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற போதனையும் (திர்மிதீ) இதையே சொல்கிறது.

கூண்டைச் சரியாகச் செய்யுங்கள். பெரிய கண் உள்ள வேலிக்கம்பியில் கீரி எளிதாக நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். வலையை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள், தோண்டி வருவது நின்றுவிடும். குஞ்சுகளைப் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், மேலே வலை கட்டினால் பருந்து இறங்காது. முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். ஒரு குறுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள்.

கோழிக்கடை, இறைச்சிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கழிவை மூட்டை கட்டி ரோட்டோரமும் வாய்க்கால் ஓரமும் வீசினால், அதைத் தின்று கூட்டம் சேர்ந்த நாய்கள்தான் நாளை யாரோ ஒருவரின் பட்டிக்குள் நுழையும். பாதையில் இருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை (முஸ்லிம்). தொல்லையைக் கொண்டுபோய்க் கொட்டுவது எதன் கிளை? ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள், அல்லது உள்ளாட்சி அமைப்பு சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

சட்டத்தை மீறாதீர்கள்

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி, உடும்பு, நரி, காட்டுப்பூனை, பருந்து எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். சிறைத் தண்டனை உண்டு. "ஹதீஸ் அனுமதித்ததைச் சட்டம் தடுக்கலாமா?" என்று கேட்கலாம். பருந்தைக் கொல்வது அனுமதி, கடமை அல்ல. பொது நன்மைக்காக ஓர் அனுமதியை விட்டுக்கொடுப்பதில் பாவம் எதுவும் இல்லை.

2023-ல் ஊதியூர் மலைப் பகுதியில் சிறுத்தை நடமாடியபோது வனத்துறை கேமராவும் கூண்டும் வைத்தது. அதுதான் வழி. பெரிய விலங்கு என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாய்த் தொல்லை என்றால் உள்ளாட்சி அமைப்பில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். செத்த கால்நடையைப் புதைக்கும் முன் படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். இழப்பீடு கேட்க அது உதவும்.

ஜமாஅத்தில் வசதியுள்ளவர்களே, கூண்டு செய்ய முடியாத ஏழைத் தாய்க்குக் கம்பிவலை வாங்கிக் கொடுங்கள். அவரின் கோழியும் பிழைக்கும், ஒரு கீரியும் பிழைக்கும். இரண்டுக்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பொருள்களிலும் கால்நடைகளிலும் பரக்கத் செய்வாயாக. எங்கள் கோபத்தை உன் வரம்புக்குள் நிறுத்துவாயாக. வாயற்ற ஜீவன்கள் மறுமையில் எங்களுக்கு எதிராக முறையிடாத நிலையில் எங்களை மரணிக்கச் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.