ஆரோன் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டான்



விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பயம் வருவது அதற்குப் பிறகுதான். ஓமனுக்கோ எத்தியோப்பியாவுக்கோ பாடம் நடத்தப் போகிற நம் ஆசிரியர்கள் பலர், கிளம்புகிற சமயத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐயா, இது கர்த்தருடைய சித்தம்தானா? ஒரு வசனம் உறுதியாகக் கிடைத்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவேன்." நான் பேசுகிற ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்குப் புரியுமா, இங்கே அம்மாவை யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள் என்ற கவலையெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அவர்களை யாத்திராகமம் மூன்றாம், நான்காம் அதிகாரங்களை நிதானமாக வாசிக்கச் சொல்வேன். எகிப்துக்குப் போய் அங்கே அடிமைகளாயிருக்கும் இஸ்ரவேல் ஜனங்களை மீட்டு வா என்று ஓரேப் மலையில் கடவுளின் அழைப்பு வந்தபோது மோசேக்கு ஏறக்குறைய 80 வயது. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. போவதற்கு நான் யார் என்கிறார். ஜனங்கள் என்னை நம்பமாட்டார்கள் என்கிறார். எனக்குச் சரியாகப் பேச வராது என்கிறார். வகுப்பில் நிற்கப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய பயம் உண்டா? கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும் என்றே மன்றாடிவிடுகிறார்.

மோசேயின் கையிலிருந்த கோலைக் கடவுள் பாம்பாக மாற்றிக் காட்டினாரே, அது ஜனங்கள் நம்புவதற்காக. மோசேக்கென்று கடவுள் சொன்ன அடையாளம் வேறு: ஜனங்களை மீட்டு வந்தபின் இதே மலையில் என்னை ஆராதிப்பீர்கள், நான்தான் உன்னை அனுப்பினேன் என்பது அதில் தெரியும் என்றார். அதாவது, போய் வந்தபிறகுதான் அந்த அடையாளம். போகும்போது அவரைத் தாங்கியது, நான் உன்னோடு இருப்பேன் என்ற வாக்கு.

அந்த வாக்கு, துன்பமே வராது என்ற உத்தரவாதம் அல்ல. எரிக் லிடலை நினைத்துப் பாருங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். மறு வருடமே சீனாவின் தியன்ஜின் நகரப் பள்ளி ஒன்றுக்கு அறிவியல் ஆசிரியராகப் போனார். போர் வந்தது. மனைவியையும் பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் அங்கேயே தங்கினார். ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில் அதே முகாமில் மூளைக்கட்டியால் இறந்தார். அவர்கள் போனபின் பிறந்த கடைசி மகளை அவர் பார்க்கவே இல்லை. கடவுள் அவரைக் கைவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த முகாமில் இருந்த பிள்ளைகளுக்கு அவர் கிடைத்தாரே.

அதற்காக, தவிர்க்கக்கூடிய துன்பத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டேன் என்பதற்காக ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம், தங்குமிடம், மருத்துவச் செலவு, விடுமுறைக்கு ஊர் வர டிக்கெட், இவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழ்களின் அட்டஸ்டேஷனை முடித்துக்கொண்டு போங்கள். ஒப்பந்தம் சரியில்லை என்று மறுப்பது அவிசுவாசம் ஆகாது.

நான்காம் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்குப் பேச வராது என்று மோசே தயங்கியபோது, உன் அண்ணன் ஆரோன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டு வருகிறான் என்கிறார் கடவுள். மோசே சம்மதிப்பதற்கு முன்பே துணை கிளம்பிவிட்டது! எனக்கு இந்த இரண்டு அதிகாரங்களிலும் மிகவும் ஆறுதலான இடம் இதுதான். மாமனார் எத்திரோவும் தடுக்கவில்லை, சமாதானமாய்ப் போய்வா என்று வழியனுப்புகிறார். பயந்த மனிதருக்குக் கடவுள் மனிதர்களைக் கொடுத்தார்.

அந்த மனிதர்களாக நாம்தான் இருக்க வேண்டும். உங்கள் சபையிலிருந்து ஓர் ஆசிரியர் வெளிநாடு போகிறாரா? இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய், பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். மாதம் ஒருமுறை அம்மாவை நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லுங்கள். அவர் போகிற ஊரில் உங்களுக்குத் தெரிந்த விசுவாசக் குடும்பம் இருந்தால் இன்றைக்கே போன் செய்து, இப்படி ஒருவர் வருகிறார், ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.