முதலில் கை நீட்டுங்கள்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
நற்செய்தி: மத்தேயு 14:22-33



விடிவதற்குச் சற்று முன் ஆண்டவர் கடல்மீது நடந்து வருகிறார். சீடர்களோ பேய் என்று அலறுகிறார்கள். அவரோடு உண்டு உறங்கி ஊர் ஊராகப் போனவர்கள் அவர்கள். ஐயாயிரம் பேருக்கு அவர் அப்பம் கொடுத்ததை முந்தின மாலையில்தான் பார்த்திருந்தார்கள். இருட்டோடு அச்சமும் சேர்ந்துவிட்டால் தெரிந்த முகம்கூடப் பேயாகத் தெரியும்.

நாம் இன்று யாரைப் பார்த்து இப்படி அலறுகிறோம்? பொழுது சாய்ந்தால் கடை ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறார்களே, கையில் பச்சை குத்திய பையன்கள், அவர்களைப் பார்த்துத்தான். "கேங் பசங்க" என்று சொல்லி, நம் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். அவர்களும் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள். சிலர் இதே பீடத்தின் முன் புதுநன்மை வாங்கியவர்கள். ஞாயிறு பூசைக்கு வராதவன்கூட, ஜூலை 26 வந்தால் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் முன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விடுகிறான். நாமும் அவனிடம் பேசுவதில்லை.

2013 ஆகஸ்ட்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதன் கணக்கில் கும்பல் உறுப்பினர்கள் 40,313 பேர். அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள். நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். கும்பல்களிலோ பத்துக்கு ஏழு பேர். தாய் தகப்பன் பெயர் வைத்துக் கோயிலில் திருமுழுக்குக் கொடுத்த பிள்ளைகள் இன்று 04, 08, 36 என்ற கும்பல் எண்களுக்குள் அடங்கிப் போயிருக்கிறார்கள்.

இது ஒரே நாளில் வந்த வினையா? நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்து இந்த மண்ணில் கரும்பு வெட்டினார்கள், ரப்பர் பால் எடுத்தார்கள், செம்பனைக் குலை சுமந்தார்கள். தோட்டங்களின் லயத்து வீடுகளில் வாழ்க்கை வறுமையானதுதான். ஆனாலும் ஒரு பையன் தப்புச் செய்தால், எதிர் வீட்டு அத்தை அவன் காதைத் திருகுவார். மாலையில் அவனுக்கே சோறும் போடுவார். நாடு முழுக்கத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விலைபோனபோது நம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வீடு கிடைத்தது, அந்த அத்தை கிடைக்கவில்லை. பள்ளியை விட்டு நின்ற பையனை "சாப்பிட்டியாடா தம்பி?" என்று முதலில் கேட்டவன் கும்பலின் அண்ணன். நாம் கேட்கத் தவறியதை அவன் கேட்டான்.

அப்படிக் கேட்கத் துணிந்த ஒரு பங்கைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில், பாயில் ஹைட்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் டொலோரஸ் மிஷன் என்றொரு பங்கு உண்டு. 1986இல் இயேசு சபைக் குரு கிரகரி பாயில் அங்கே பங்குத்தந்தையானார். கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் செத்த பிள்ளைகளை அவர் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பங்கின் அன்பியம் எனும் அடித்தளக் குழுவின் தாய்மார் ஒருநாள் கூடி வாசித்தது நாம் இன்று கேட்ட இதே நற்செய்திப் பகுதிதான். பேதுருவைப்போல நாமும் படகை விட்டு இறங்க வேண்டும் என்று முடிவு செய்து, பையன்கள் ஆயுதத்தோடு நிற்கும் தெருக்களுக்கு இரவில் கூட்டமாக நடந்து போனார்கள். கையில் கொஞ்சம் தின்பண்டம், வாயில் பாட்டும் செபமும் இருந்தன. பையன்களோடு நின்று பேசினார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது வேலை என்ற பதில் வந்தது. பங்கு மக்கள் வேலை தேடிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1992இல் ஒரு ரொட்டிக்கடை பிறந்தது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுடத் தேடியவர்கள் அங்கே அருகருகே நின்று மாவு பிசைந்தார்கள். இன்று அது ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய மறுவாழ்வு நிறுவனம்.

"சாமி, தப்புச் செய்தவனைக் கண்டிக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. இவர்களுக்குப் பயந்து மாமூல் கட்டும் கடைக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்டுப்பட்ட மகனை இழந்த தாய் இருக்கிறார். அவர்கள் கண்ணீரை மறந்துவிட்டு நான் பேசவில்லை. குற்றத்தை மூடி மறைப்பது நட்பாகாது. யார் உயிருக்காவது ஆபத்து என்றால் காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் ஆண்டவர் செய்த வரிசையைப் பாருங்கள். மூழ்கும் பேதுருவை முதலில் கை நீட்டிப் பிடித்தார். அவனது நம்பிக்கைக் குறைவைக் கடிந்துகொண்டது அதற்குப் பிறகு. கையைப் பிடித்தவருக்கே கண்டிக்கும் உரிமை உண்டு. கரையில் நின்று திட்டுகிறவர் பேச்சை மூழ்குகிறவன் கேட்க மாட்டான். இன்னொன்றும் கவனியுங்கள்: இருவரும் படகில் ஏறிய பிறகே காற்று அடங்கியது. இந்தப் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு நமக்கு மட்டும் நிம்மதி வராது.

எனவே இந்த வார அன்பியக் கூட்டத்தில் மூன்று காரியங்களைப் பேசி முடிவெடுங்கள். ஒவ்வொரு அன்பியமும் ஒரு பையனைப் பெயர் சொல்லித் தேர்ந்து, அவன் வீட்டுக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். புத்தி சொல்லப் போக வேண்டாம், போய் அவனோடு சாப்பிடுங்கள். அடுத்து, மகன் லோக்காப்பில் இருக்கிறான் என்று ஒரு தாய் அழுதால், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அவரைத் தனியாகப் போக விடாதீர்கள். மூன்றாவது, பட்டறையோ லோரியோ உணவகமோ வைத்திருக்கும் சகோதரர்களே, ஒரே ஒரு பையனை வேலைக்கு எடுங்கள். படிக்க மனமுள்ளவனுக்கு மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களின் மனுவை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். உங்களோடு நானும் வருகிறேன்.

ஆண்டவரே, எங்கள் அச்சத்தைப் போக்கும். எங்கள் பிள்ளைகளை அடையாளம் காணும் கண்ணையும், அவர்களைப் பிடித்தால் விடாத கையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.