மிச்சமிருக்கும் மரம்

கொலுவில் ஜோடியாக நிற்கிறதே மரப்பாச்சி, அதை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா சகோதரிகளே? கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும். விரல்கள் வெறும் கோடுகள். மூக்கு ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். ஆனாலும் பட்டுத்துணி சுற்றி, பொட்டு வைத்து நிறுத்திவிட்டால், சாட்சாத் பெருமாளும் தாயாருமாகவே நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அங்கலட்சணம் குறைவு என்று யாரும் அதை ஒதுக்குவதில்லை.

அப்படி ஒரு பொம்மையை நீங்களே செதுக்கக் கற்றுக்கொண்டால் என்ன? பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன பிறகு, மதியம் ஒரு மணி நேரம் போதும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிள்ளையார். நாலு அங்குல உயரம், இரண்டு அங்குல கனம்.

செம்மரம், தேக்கு எல்லாம் முதலில் வேண்டாம், கை வலிக்கும். குமிழ மரம் போல மிருதுவான, கணு இல்லாத துண்டாகப் பாருங்கள். வங்காளத்தில் நாதுன்கிராம் என்ற ஊரில் லட்சுமியின் வாகனமான ஆந்தையைக் குமிழ மரத்தில்தான் செதுக்குகிறார்கள். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய அரிவாள்மணைதான் வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா! மரத்தைப் பிடிக்கும் கைக்குக் கெட்டியான ஓர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் பென்சிலால் உருவம் வரையுங்கள். முதலில் நாலு மூலைகளையும் சீவுங்கள். நார் ஓடும் திசையில் சீவினால் சீவல் அழகாகச் சுருண்டு வரும். எதிர்த்துப் போனால் மரம் பிளந்து பெயரும். தலை, தொந்தி, மடித்த கால் என்று பெரிய மேடுபள்ளங்கள் முதலில். கண்ணும் காதும் கடைசியில். துதிக்கைக்கு மட்டும் வேண்டியதைவிடக் கூடுதலாகவே மரம் விட்டுவையுங்கள். அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்; கூட்ட முடியாது.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கிறோம். காது சிறுத்துவிட்டதா? இன்னும் கொஞ்சம் மண்ணை அப்பிக்கொள்ளலாம். மரத்தில் அந்தச் சலுகை கிடையாது. போனது போனதுதான். தந்தம் ஒடிந்தால்கூடக் கவலையில்லை. அவர் ஏற்கெனவே ஏகதந்தர்! ஆனால் துதிக்கை நுனி பெயர்ந்துவிட்டால்? வளைந்த இடத்தில் நார் குறுக்கே ஓடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அங்கேதான் படக்கென்று உடையும்.

அப்போது மனம் இரண்டு வழிகளைச் சொல்லும். ஒன்று, பசை தடவி ஒட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பது. இன்னொன்று, அத்தனை நாள் உழைப்பையும் குப்பையில் போடுவது. கை பழகியவர்கள் மூன்றாவது வழியைப் பிடிப்பார்கள். உடைந்த இடத்தைவிட்டு, மிச்சமிருக்கும் மரத்தைப் பார்ப்பார்கள். தொந்தியைச் சற்று உள்ளே வாங்கி, முகத்தைக் கொஞ்சம் இறக்கி, குட்டையான துதிக்கையை மார்போடு அணைத்து வளைத்துவிடுவார்கள். பிள்ளையார் நினைத்ததைவிடச் சிறியவராக வருவார். ஆனால் முழுமையானவராக வருவார்.

வீட்டிலும் இப்படித்தானே நடக்கிறது? மருமகளிடமோ, நாத்தனாரிடமோ, பெற்ற பெண்ணிடமோ கோபத்தில் ஒரு வார்த்தை விழுந்துவிடுகிறது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று சாதிப்பது, பசை தடவி ஒட்டுகிற வேலை. 'இனி அவள் முகத்திலேயே விழிக்கமாட்டேன்' என்பது, மரத்தைத் தூக்கி எறிகிற வேலை. மூன்றாவது வழி, நம்மையே சற்று இறக்கிக்கொள்வது. உறவு பழைய அளவுக்கு வராமல் போகலாம். ஆனால் முகம் இருக்கும், உயிர் இருக்கும்.

'குறைபட்டதைக் கடவுள் ஏற்பாரா?' என்று கேட்பீர்கள். பூரிக்குப் போய்ப் பாருங்கள்!

இந்திரத்யும்ன மகாராஜா திருமேனி செய்ய ஆள் தேடியபோது, தேவதச்சனே கிழத்தச்சனாக வந்தானாம். குறிப்பிட்ட நாள்வரை கதவைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டு உள்ளே போனான். ஒருநாள் உளிச் சத்தம் நின்றுபோயிற்று. 'ஐயோ, கிழவருக்கு என்ன ஆயிற்றோ' என்று பதறினாள் மகாராணி குண்டிச்சா. கதவு திறந்தது. தச்சனைக் காணோம், கைகால் முடியாத திருமேனிகள் மட்டும் நின்றன. அந்த உருவிலேயே ஜகந்நாதர் கோயில் கொண்டார்.

வேப்பமரத் திருமேனிகள் அவை. சாந்திரமானக் கணக்கில் ஆஷாட மாதம் இரண்டு வரும் ஆண்டுகளில் 'நவகளேபரம்' என்று புதிதாகச் செதுக்குகிறார்கள். 1996-லும் 2015-லும் நடந்தது. பரம்பரைத் தச்சர்களுக்கு விரல்களோடு முழுக்கையும் செதுக்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தப் பூர்த்தியாகாத உருவத்தையே, முறை பிசகாமல், அப்படியே செய்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரத யாத்திரையில் ஜகந்நாதர் எங்கே போகிறார் தெரியுமா? ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குண்டிச்சா மந்திருக்கு! அந்த மகாராணியின் பெயரைத் தாங்கிய கோயில் அது. எவள் பதற்றத்தால் கைகள் முடியாமல் போயினவோ, அவள் பெயர் சொல்லும் வீட்டுக்கே வருஷாவருஷம் தேரேறிப் போய், ஏறக்குறைய ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறார் பகவான்.

அதற்காக அவசரப்படலாம் என்று அர்த்தமில்லை. கதவு திறந்ததற்குப் பலன் இருந்தது. அந்தக் கைகள் இன்றுவரை வளரவில்லை. தவறின் தழும்பு மறைவதில்லை. ஆனால் அந்தத் தழும்போடேயே உறவு தொடர முடியும் என்பதைத்தான் அந்தத் தேர் ஊர்வலம் காட்டுகிறது.

கோயில் மூர்த்தத்தை சாஸ்திரம் அறிந்த ஸ்தபதிதான் செய்ய வேண்டும். அங்கே அளவில் நெல்லளவும் பிசகக் கூடாது. நீங்கள் செய்யும் பிள்ளையார் பொம்மைதான். கொலுப்படியில் தாராளமாக வையுங்கள். பூஜையில் வைக்கலாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, குடும்ப வழக்கப்படி செய்யுங்கள்.

இன்றைக்கே ஒரு மரத்துண்டை எடுங்கள். மெல்லிய சீவலாகச் சீவுங்கள், எதிர்த்து இழுக்காதீர்கள். தப்பித்தவறி உடைந்தால், உடைந்ததைப் பார்த்து அழாமல், கையில் என்ன மிச்சம் என்று பாருங்கள். பேசாமல் விட்டுப்போன உறவு ஏதாவது இருந்தால், அதையும் அப்படியே ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதிலும் மரம் மிச்சமிருக்கும். ஆனைமுகன் அருள் துணை நிற்கும்!