விளையாட்டு ரயிலும் வியாபாரியின் நேரமும்

கணினியில் தண்டவாளம் போட்டு ரயில் விடும் விளையாட்டை, வேலைகளுக்கு நடுவே ஒரு வியாபாரி ஆடுவது தகுமா என்று நம்மவர்கள் சிலர் கேட்கின்றனர். ஆடுவோர் சிறுவர்களே என்று எண்ணிவிடக் கூடாது. சிட் மெய்யரின் 'ரெயில்ரோட் டைகூன்' 1990இலும், கிறிஸ் சாயரின் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' 1994இலும் வெளிவந்தன. அன்று அவற்றை ஆடிய வாலிபர்களுக்கு இன்று நரை கண்டுவிட்டது. கடையும் குடும்பமும் வந்துவிட்டன. பின்னதைத் தழுவிய 'ஓப்பன் டிடிடி' இலவசமாகவே கிடைக்கிறது, கைத்தொலைபேசியிலும் ஆடலாம்.

இது வியாபாரியைப் பிடித்துக்கொள்வதில் அதிசயமில்லை. அதுவும் நம் தொழில்தானே! தொடக்க முதல் முழுவதும் கடன். அதைக்கொண்டு சுரங்கத்து நிலக்கரியை மின்நிலையத்தில் சேர்க்க வேண்டும். தூரத்திற்கேற்பக் கூலி, சரக்கு தாமதித்தால் கூலி குறையும். அந்தக் கடனுக்கு வட்டியும் உண்டு. பொம்மைப் பணத்தின் வட்டியும் ஹராமா என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம்.

வாடகை ஏறி, வாடிக்கை குறைந்து, கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே மனமில்லாத நாளில், திரையில் ஏறும் லாபத்தைப் பார்த்து மனிதன் ஆறுதல் கொள்கிறான். ஆறுதல் குற்றமன்று. அது உழைப்பைப் போலத் தோன்றுவதுதான் நமக்கு அச்சம் தருகிறது. கோப்பிக்கடையில் கதை பேசுகிறவனுக்குத் தான் சும்மா இருப்பது தெரியும். ரயில் விடுகிறவனுக்கோ பெரிய நிர்வாகம் ஒன்றை முடித்த களைப்பு!

நிற்க. அந்த நேரம் யாருடையது? கடை திறந்திருக்கும் வேளை கூட்டாளிக்கும் உரியது. அது நம்மிடம் அமானத். கல்லாவில் நிற்கும் பையன் தொலைபேசியைத் தொட்டால் அதட்டுகிறோம். உள்ளறையில் முதலாளி ரயில் ஓட்டினால் அவரை அதட்டுவது யார்? கடை சாத்தியபின் உள்ள நேரத்திலும் முதற்பங்கு வீட்டாருக்கு. பகலெல்லாம் தகப்பனைக் காணாத பிள்ளை, இரவில் அவர் முதுகைத்தான் காண வேண்டுமா? எஞ்சியது நம்முடையது, அதில் ஆடுவதை நாம் தடுக்கவில்லை.

ஆனால் எஞ்சியதை அளந்து எடுக்க வேண்டும். 'ஓப்பன் டிடிடி'யில் ஒரு வருஷம் ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஐந்து வருஷம் போய்விடும்! "இந்த வண்டி போய்ச் சேரட்டும், எழுந்துவிடுகிறேன்" என்பவருக்கு, அது சேருமுன் அடுத்த வண்டி புறப்பட்டுவிடும். இந்தச் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆட்டத்தை நிறுத்தவும் சேமித்து வைக்கவும் வழி இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும், நிலக்கரியும் கெட்டுப்போகாது. தாமதத்திற்குக் கூலியைக் குறைக்கும் ஆட்டத்தை ஆடிக்கொண்டே ஒருவர் ஜமாஅத்துக்குத் தாமதிப்பது விந்தையிலும் விந்தை.

ஆடுகிறவர், கடை விடுமுறை நாளில், மஃரிபுக்கு முந்திய அரைமணியில் ஆடட்டும் என்பது நமது அபிப்பிராயம். பாங்கு வந்து எழுப்பிவிடும். இஷாவுக்குப் பின் தொடங்கினாலோ, சுபுஹு வரை அழைக்க ஆளில்லை.