சுடுகாட்டுக்கு இரண்டு பாதை ஏன்?

கேதம் என்று கேட்டதும் ஊர் திரள்கிறது. சங்கு முழங்குகிறது, பறை அதிர்கிறது, பாடை எழுகிறது. "சாவுக்கு ஏது சாதி? எல்லோரும் போகும் இடந்தானே!" என்று திண்ணையிலே தத்துவம் பேசுகின்றனர் பெரியோர். அந்தத் தத்துவம் ஊர் எல்லை வரை கூட வருவதில்லை! எல்லையிலே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு வேறொரு சுடுகாடு. புதூர் வட்டாரக் கரிசற் சீமையிலும், தமிழகத்தின் பிற பகுதிகளிலும், ஊர்கள் பலவற்றின் கதை இது.

நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர்: "ஆன்மா இல்லை, மேலுலகம் இல்லை என்போர் நாம். உயிர் போனபின் உடல் வெறும் சடலம். அதை எங்கே எரித்தால் என்ன?"

கூரிய கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி! சடலத்துக்கு மானம் இல்லை, சரி. அதைச் சுமப்பவனுக்கு உண்டே! 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால், தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர் உறவினர். மாண்டவர் அந்த இழிவை அறியார். கயிறு பிடித்த கைகள் அறிந்தன!

"முன்னோர் வகுத்த மரபு" என்பர். முன்னோரையே கேட்போமே! புதூர் உள்ள அதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 1876இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். முதுமக்கள் தாழிகள் வந்தன. இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வந்தன. செல்வரும் வறியவரும் அன்றும் இருந்திருக்கலாம். ஆனால் எந்த எலும்பிலே எழுதியிருந்தது சாதி?

1973 டிசம்பரில் மறைந்த பெரியார், சடங்கேதுமின்றிப் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வழியில் மந்திரம் விட்டோம், கருமாதிக் கடன் விட்டோம் என்கிறோம். நன்று! ஆனால் சடங்கைத் தள்ளிவிட்டுச் சாதிச் சுடுகாட்டிலேயே கொள்ளி வைப்பது பாதிப் பகுத்தறிவு. புரோகிதரை விலக்கினால் செலவு குறையும். பாதையைப் பொதுவாக்கினால் பகை வளரும். எளியதைச் செய்துவிட்டு அரியதை மறப்பதா சீர்திருத்தம்?

தோழனே, அடுத்த கேதம் சேரியிலே விழுந்தால், அந்தப் பாடையின் ஒரு முனையை உன் தோளில் ஏந்து. ஊர்ப் பாதை வழியே நட. மறிப்பவர் முன் நில். மாண்டவருக்காக அல்ல, மறுநாளும் அந்த ஊரில் வாழப்போகும் மக்களுக்காக!