ஊர்க்காவலும் அறமும்

நமது ஆலயங்களில் இரவுப் பூசைகள் யாவும் நிறைவெய்திய பின்னர் இறுதியாக வைரவப் பெருமானுக்குப் பூசை நடைபெறுகின்றது. கோயில் திறப்பை அவரது திருவடியில் வைத்தெடுக்கும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. "இனி நீரே காவல்" என்று ஒப்படைப்பதே இதன் கருத்தாகும். அப்பெருமானின் வாகனம் நாய். நாய் விழித்திருக்கும், குரைத்து ஊரை எழுப்பும். அதற்கு மேல் ஆராய்வதும் தீர்ப்பதும் மனிதருக்கு உரியவை. ஊர்க்காவல் பற்றிச் சிந்திக்கும்போது இந்த வேறுபாட்டை முதலில் மனதிற் கொள்ளுதல் நன்று.

நமது வடபகுதிக் கிராமங்களில் பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, வயோதிபர்கள் தனித்து வாழும் வீடுகள் பெருகிவிட்டன. முன்னர் கிடுகு வேலிகள் இருந்த ஒழுங்கைகளில் இன்று ஆளுயர மதில்கள் நிற்கின்றன. வேலிக்கு அப்பால் ஒருவர் இருமினாலும் இப்பால் கேட்ட காலம் போய்விட்டது. 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் ஒரே வீட்டிலிருந்த முதியவர்கள் ஐவர் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டு, தனித்திருக்கும் பெற்றோரை நினைந்து கலங்காத பிள்ளைகள் இல்லை. ஆகவே, "விழிப்புக்குழு அமைப்போம், இளைஞர்கள் இரவில் சுற்றி வரட்டும்" என்று சனசமூக நிலையங்களிலும் ஆலயக் கூட்டங்களிலும் பேச்செழுவது இயல்பே. அதனைக் குறைகூற எவராலும் முடியாது. ஆயினும், காவலுக்கு நிற்பவன் எதுவரை செல்லலாம் என்ற வினாவுக்கு விடை காணாமல் தடியையும் ரோர்ச் லைற்றையும் கையிற் கொடுத்தல் தகாது.

வற்றாப்பளையிலும் மட்டக்களப்பின் பல ஊர்களிலும் கண்ணகையம்மனைக் கும்பிடுகின்ற மக்கள் நாங்கள். அந்த அம்மனின் துயரம் எங்கே தொடங்கியது? சிலம்பு விற்க மதுரைக்கு வந்த புதியவனாகிய கோவலனைக் கள்வனென்று பொற்கொல்லன் சொன்னான். அரசன் விசாரிக்கவில்லை. காவலர் சிலர் கோவலனின் முகத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரிய கள்வனல்லன் என்று தயங்கினர். அவர்களுள் குடிவெறியில் நின்ற ஒருவன் மட்டும் தயங்காமல் வாளை வீசினான். உண்மையான கள்வன் யாரெனில், குற்றஞ்சாட்டிய அந்தப் பொற்கொல்லனே. ஒருவனுடைய பொய், ஒருவனுடைய அவசரம், ஒருவனுடைய வெறி ஆகிய மூன்றும் ஒரே நாளில் கூடியதால் ஒரு நகரமே எரிந்தது.

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2011 ஓகஸ்ட் மாதத்தில் "கிறீஸ் பூதம்" என்ற பீதி மலையகம், கிழக்கு, புத்தளம், யாழ்ப்பாணம் என்று பரவியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பெண்கள் பொழுது சாய்ந்தபின் வெளியே செல்ல அஞ்சினர். ஆண்கள் கும்பலாக விழித்திருந்தனர். அந்த அச்சத்துக்குக் காரணம் எதுவாயினும், அதன் விளைவு கொடியதாயிற்று. பல இடங்களில் அறிமுகமற்றவர்கள் பிடித்துத் தாக்கப்பட்டனர். புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கும்பலாற் கொல்லப்பட்டார். நாவாந்துறையில் மர்ம மனிதரைத் துரத்தியதில் தொடங்கிய கொந்தளிப்பு, பெருந்தொகையானோர் தாக்கப்பட்டுக் கைதாவதில் முடிந்தது. காக்கத் திரண்டவர்களின் வீடுகளிலேயே மறுநாள் அழுகுரல் கேட்டது.

இலண்டனில் பிள்ளைகளைப் பார்க்கச் சென்று வந்தவர்கள், அங்கே தெருக்கம்பங்களில் அயற்காவல் பற்றிய அறிவித்தற் பலகைகளைக் கண்டிருப்பார்கள். இங்கிலாந்தில் இத்திட்டம் 1982 இல் மொலிங்டன் என்னும் சிறு கிராமத்தில் தொடங்கியது. அயலவர் கண்டதைப் பொலிசாருக்கு அறிவிப்பதே அதன் அடிப்படை. அந்த எல்லையைத் தாண்டினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த துயரமொன்று சாட்சி. புளோரிடா மாநிலத்தின் சான்போட் நகரில், முன்னர் பல களவுகள் நடந்த ஒரு குடியிருப்பில், 2012 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அயற்காவல் தொண்டர் ஒருவர் தமக்குத் தெரியாத இளைஞன் ஒருவனைக் கண்டு பொலிசாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். பின்தொடர வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சிறிது நேரத்தில் இருவருக்கும் கைகலப்பு ஏற்பட்டு, அந்த இளைஞன் சுடப்பட்டு இறந்தான். திறேவன் மார்ட்டின் என்ற பதினேழு வயதுப் பையன் அவன். தந்தையுடன் அங்கே தங்க வந்தவன், கடைக்குப் போய்த் தின்பண்டம் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தான். தற்காப்புக்காகவே சுட்டதாகக் கூறிய தொண்டரை 2013 இல் யூரிமார் விடுதலை செய்தனர். சட்டம் அவரை விடுவித்தது. எனினும், அறிவித்த அளவில் அவர் நின்றிருந்தால் அந்தப் பையன் வீடு போய்ச் சேர்ந்திருப்பான் என்ற எண்ணத்தை எந்தத் தீர்ப்பாலும் அகற்ற முடியாது.

"பொலிசார் வருவதற்குள் கள்ளன் போய்விடுவான். பிடித்துக் கொடுத்தாலும் பிணையில் வந்து முன்னால் நின்று சிரிப்பான். நாலு அடி போட்டு அனுப்பினால்தான் பயம் இருக்கும்" என்று சொல்வோர் உளர். தாலிக்கொடியை இழந்த தாயொருத்தி இவ்வாறு சொன்னால், அவரின் வேதனையை நாம் மதிக்க வேண்டும். ஆனால் நாலு அடி எந்த இடத்தில் நிற்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஓர் அடிதான் அடிக்கிறார்கள். விழுந்தவன் எழாதபோது, எவரும் தாம் கொன்றதாக ஒப்புக்கொள்வதில்லை.

நமது நாட்டுச் சட்டமும் இதனைத் தெளிவாக வகுத்திருக்கின்றது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைத் தன் கண்முன்னே புரிபவரைச் சாதாரண குடிமகனும் பிடிக்கலாம். பிடித்தவரை வீண்தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிடிக்கும் உரிமை ஊரவருக்கு உண்டு. தண்டிக்கும் உரிமை நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

அரசாங்க லிகிதராகக் கடமையாற்றிய காலத்தில் மொட்டைக் கடிதங்கள் பல எனது மேசைக்கு வந்ததுண்டு. அவற்றை வாசிக்கும்போது ஒன்றை அவதானித்தேன். "கண்டேன்" என்ற சொல் அவற்றில் அரிது. "பேசிக்கொள்கிறார்கள்", "எல்லோருக்கும் தெரியும்" என்பனவே மிகுதி. விழிப்புக்குழு அமைப்பவர்கள் ஒரு கொப்பி வைத்திருப்பது நல்லது. அதில் திகதி, நேரம், இடம், கண்ணாற் கண்டது, கண்டவரின் பெயர் ஆகியன எழுதப்படட்டும். கேள்விப்பட்டதை அதில் எழுதலாகாது. தன் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டுமென்றால் பாதி வதந்தி படலையடியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் நேர்மையாக நோக்க வேண்டும். ஊரின் சந்தேகம் பெரும்பாலும் யார்மேல் விழுகின்றது? புடவை விற்க வரும் வியாபாரி, கூலிவேலைக்கு வந்த வெளியூரவர், மனநோயாளர், பரிந்து பேச ஆளில்லாத ஏழை வீட்டுப் பையன் ஆகியோர் மேலேயே விழுகின்றது. நல்ல சேட்டு அணிந்து மோட்டார் சைக்கிளில் வருபவனை "யார் தம்பி?" என்று கேட்கவும் தயங்குகிறோம். களவு போவது பொருள். அதனைத் திரும்பத் தேடிக்கொள்ளலாம். கள்ளனென்று ஊர் சொல்லிவிட்ட பெயரை ஓர் ஏழை எங்கே போய்க் கழுவுவான்?

ஆகவே காவலை அயலவரை அறிவதிலிருந்து தொடங்குவோம். தனித்திருக்கும் ஆச்சியின் வீட்டுக் கதவு காலையில் திறந்ததா என்று பார்ப்பது காவல். எரியாத தெருவிளக்கைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதுவது காவல். ஒவ்வொரு வீட்டிலும் அயலவரின் தொலைபேசி இலக்கங்களையும் 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்தையும் பெரிய எழுத்தில் ஒட்டிவைப்பது காவல். இரவில் செல்வோர் தனியே செல்லாமலும், மது அருந்தாமலும், கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் தெரியப்படுத்தியும் செல்வார்களாக.

மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றில், வாயிற்காவலனாகிய தத்தனை நாம் அதிகம் நினைப்பதில்லை. அடியார் வேடத்தில் வந்த முத்தநாதனை, இது தருணமன்று என்று முதலில் தடுத்தவன் அவனே. அரசர் குத்துண்டபோது வாளுடன் பாய்ந்தவனும் அவனே. "நம்மவர்" என்று நாயனார் தடுத்ததும் அவன் வாளைத் தாழ்த்தினான். பின்னர் நடந்ததுதான் அரியது. கொதித்தெழுந்த ஊராரிடமிருந்து அந்தப் பகைவனைக் காத்து, நகருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவந்தான். நாயனாரின் பொறுமை நம்மைப் போன்றோருக்கு எட்டாததாக இருக்கலாம். தத்தனின் கடமையுணர்வு எட்டக்கூடியது. ஐயம் வந்தபோது தடுத்தான், ஆணை வந்தபோது அடங்கினான், பிடிபட்டவனைக் கூட்டத்தின் கையில் விடவில்லை. நமது ஊரின் இளைஞர்கள் இரவுக் காவலுக்குப் புறப்படும்போது, கையிலுள்ள வெளிச்சத்தோடு தத்தனின் இந்த நிதானமும் அவர்களுக்கு வாய்க்க எம்பெருமான் திருவருள் புரிவாராக.