எந்த ஊருக்காரங்க?

என் அக்கா மகளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "சித்தி, லாஸ்ட் நேம்னு ஒரு கட்டம் இருக்கு. அத விட்டுட்டு மேல போக முடியல. செவப்பா காட்டுது. இன்னா போடறது?"

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு லாஸ்ட் நேம் கிடையாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. மெல்ல மெல்லப் பின்னால் இருந்த வால் கழன்றது. முன்னெழுத்து மட்டும் நின்றது. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் சேரியில் கழற்றிப் போடப் பட்டம் எதுவும் இருந்ததில்லை. என் பாட்டனின் பெயரையே பாதியாக நறுக்கி, 'டா' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். சூத்திரன் பெயரில் இழிவு தொனிக்க வேண்டும் என்பது மனுவின் விதி. சூத்திரனுக்கே அப்படியென்றால் நமக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?

"அப்பா பேரப் போடு" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லன்னா அம்பேத்கர்னு போடேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "மொத நாளே தெரிஞ்சிடும் சித்தி."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஒருத்தி தன்னை மறைத்துக்கொள்வது தவறா? காட்டிக்கொள் என்று அவளைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். மராத்தியில் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்தால் அந்த ஊர்க்காரர் என்று அர்த்தம். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால். பூர்வீகம் ரத்னகிரி மாவட்டத்து அம்பாவடே. 1900இல் சாத்தாராவில் பள்ளியில் சேர்ந்தபோது பதிவேட்டில் ஏறியது குடும்பப் பெயர் அல்ல, ஊரை ஒட்டிய பெயர். அதை அம்பேத்கர் என்று மாற்றியவர் அவர்மேல் பிரியம் வைத்த ஒரு பிராமண ஆசிரியர் என்று சொல்வார்கள்.

இதே 'கர்' கொங்கண் கரையில் வாழ்ந்த யூதர்களிடமும் உண்டு. பெனே இஸ்ரேல் என்று பெயர். கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் ஏழு ஆணும் ஏழு பெண்ணும் தப்பினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் 'சனிவார் தேலி' என்றார்கள்; சனிக்கிழமை ஓய்கிற எண்ணெய்க்காரர். வந்தவனுக்கும் ஒரு சாதிப் பெயர் கொடுத்தாயிற்று! அவர்களோ தங்கள் ஊரைப் பெயராக்கிக்கொண்டார்கள். பென் ஊர்க்காரர் பென்கர். நவ்காவ்காரர் நவ்காவ்கர். கிஹிம்காரர் கெஹிம்கர். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள். அந்தச் சமூகத்தின் வரலாற்றை எழுதியவர் பெயரே ஹயீம் சாமுவேல் கெஹிம்கர். முன்பாதி வேதாகமம், பின்பாதி கொங்கண் மண்.

யூதர்களுக்கும் ஆதியில் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். நம் முன்னெழுத்து மாதிரி. ஐரோப்பாவில் அரசாங்கம் வந்து கட்டத்தை நிரப்பச் சொன்னது. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், யூதர்கள் அனைவரும் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1938இல் நாஜிகள் வேறு ஆணை போட்டார்கள்: பெயரைப் பார்த்ததும் யூதர் என்று தெரியாவிட்டால், ஆண் 'இஸ்ரேல்' என்றும் பெண் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் 'எங்களைப் போல் பெயர் வை'. இன்னொரு காலத்தில் 'நீ யாரென்று காட்டு'. இரண்டு முறையும் கேட்டவன் கையில் அதிகாரம் இருந்தது. பதில் சொல்லவேண்டியவன் யூதன்.

கொங்கண் 'கர்' அப்படி ஆணையில் பிறந்ததல்ல. பக்கத்து வீட்டு மராத்தியர் வைத்த மாதிரியே இவர்களும் வைத்தார்கள். அதற்காக அங்கே எல்லாம் சமமாக இருந்தது என்று ஏமாற வேண்டாம். அவர்களுக்குள்ளேயே 'கோரா' (வெள்ளை), 'காலா' (கறுப்பு) என்று இரண்டு பிரிவு. கலப்பில் பிறந்தவர்கள் என்று சொல்லிக் கறுப்புப் பிரிவாரோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை. கொச்சியில் பரதேசி யூதர்கள், விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்களைத் தொழுகைக் கூடத்தில் சமமாக உட்காரவிடவில்லை. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு பெனே இஸ்ரேலர்கள் இஸ்ரேலுக்கே குடியேறினார்கள். 1962இல் அங்கிருந்த தலைமை ரபிகள், இவர்களுக்குத் திருமணம் நடத்துமுன் பாட்டன் பாட்டி வழியை விசாரிக்கச் சொன்னார்கள். போராடித்தான் 1964இல் முழு யூதர்கள் என்ற அங்கீகாரத்தை அரசிடம் வாங்கினார்கள். சாதி பார்க்கும் கண்ணுக்குப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. பெயரைத் தாண்டிப் பாட்டி வரைக்கும் போகும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். சாவர்க்கரும் 'கர்', அம்பேத்கரும் 'கர்'. காதுக்குச் சமம். பென், கிஹிம், நவ்காவ் எல்லாம் அன்றைய கொலாபா மாவட்டத்து ஊர்கள். மகாடும் அதே மாவட்டம். 1927இல் மகாடில் சவ்தார் குளத்துத் தண்ணீரைக் குடித்ததற்காக நம் ஆட்களை அடித்தார்கள். முஸ்லிம்கள் எடுக்கலாம், நாம் தொடக்கூடாது. கடல் தாண்டி வந்தவர்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஊரோடு ஊராகிவிட முடிந்தது. அந்த மண்ணிலேயே கிடந்தவனுக்கும் ஊர்ப் பெயர் கிடைத்தது; ஊர் கிடைக்கவில்லை.

தமிழில் இது இன்னும் வெளிப்படை. நம் மொழியிலேயே ஊர் வேறு, சேரி வேறு. பெருங்குடியில் நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது முதல் கேள்வி எல்லா வாசலிலும் ஒன்றுதான்: "எந்த ஊருக்காரங்க?" ஊரைச் சொன்னேன். அடுத்த கேள்வி: "ஊர்ல எந்தப் பக்கம்?" அந்தப் பக்கத்தைச் சொன்ன பிறகு வீடு காலியில்லை. மராத்தியில் 'கர்' ஒட்டுவதற்கு ஊர்ப் பெயர் போதும். இங்கே ஒரு பெயருக்குள் இரண்டு ஊர். இந்த இடத்தின் பெயரையே பாருங்கள், பெருங்குடி. பெரிய குடி என்றால் சின்னக் குடி யார்? 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தாயிற்று, வயல் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்தாயிற்று. வாசல் கேள்வி மாறவில்லை.

நம் முன்னோர்கள் இதை யோசிக்காமல் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது, வசவாக எறியப்பட்ட பெயரையே எடுத்துப் 'பறையன்' என்று தலைப்பில் வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரே நம்மேல் சுமத்தப்பட்டது என்று மறுத்துப் பூர்வ பௌத்தர் என்றார். அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரை ஏற்றுத்தான் அயோத்திதாசர் ஆனார். 1922இல் 'ஆதி திராவிடர்' அரசாணையில் ஏறியது. ஒருவர் பெயரைச் சுமந்தார், ஒருவர் வீசினார். இதில் யார் வீரர், யார் கோழை என்று தரம் பிரிக்க முடியுமா? இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. என் பெயரை நான் சொல்வேன், நீ சொல்லாதே என்றார்கள்.

என் அக்கா மகளுக்கும் அதே உரிமை உண்டு. மேடையில் நின்று 'நான் தலித்' என்று நான் சொன்னபோது கீழே நூறு தோழர்கள் கைதட்டினார்கள். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? துணை இல்லாத இடத்தில் அவளை நிறுத்திவிட்டு வீரமாயிரு என்று சொல்வது என் வீரத்திற்கு அவளைக் கூலி கொடுக்கச் சொல்வது. பொறி வைத்துக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யல்ல. தப்பு கேட்கிறவனிடம் இருக்கிறது.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கும் விலை உண்டு. சாப்பாட்டு மேசையில், கல்யாணப் பேச்சில், இடஒதுக்கீட்டைக் கேலி பேசும்போது, அவள் தினமும் தனக்குத்தானே காவல் நிற்க வேண்டும். அந்தக் காவலிலிருந்து அவளை விடுவிப்பது எந்தப் பெயராலும் ஆகாது. அவளுக்குப் பக்கத்தில் நாலு பேர் வேண்டும். அதைச் செய்யாமல் படிவத்தில் அம்பேத்கரை எழுதச் சொன்னேன். என் தப்பு.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "லாஸ்ட் நேம்ல அம்மா பேரப் போட்டுட்டேன் சித்தி."

"அடுத்தது?"

"சொந்த ஊர் கேட்டுது. பெருங்குடின்னு போட்டேன். நான் பொறந்ததே இங்கதான."

எந்தப் பக்கம் என்று அந்தப் படிவத்தில் கட்டம் இல்லையாம். கேட்கப் போகிறவர்கள் திங்கட்கிழமை அவள் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள்.